புதுச்சேரி காலரியில் சோதனைப் புகைப்படக் கூட்டுக் கண்காட்சி: பார்த்தவர்கள் வாருங்கள், பேசுவோம்

அரியாங்குப்பத்தான் | சனி, இரவு 9.10

ஒயிட் டவுன் காலரி ஒன்றில் இந்த மாதம் முழுக்க ஒரு கூட்டுக் கண்காட்சி ஓடுகிறது. எட்டுப் பேரின் வேலை. ஏறக்குறைய எல்லோரும் இளையவர்கள், பாதிப் படங்கள் கேமராவைத் தொடாமலே செய்தவை. அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை. இங்கே இதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம், அதனால் நானே தொடங்கிவிட்டேன்.

நுழைந்ததும் இடப்பக்கம் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு பருத்தித் துணி தொங்குகிறது. அடர்ந்த நீலம், அதன்மேல் வெள்ளையாக ஒரு மீன்வலை. சயனோடைப் முறை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் கரைத்துத் துணியில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே வலையை விரித்து வெயிலில் கிடத்தியிருக்கிறார்கள். வெயில் பட்ட இடம் நீலமாகும், கயிறு மறைத்த இடம் தண்ணீரில் அலசும்போது வெளுத்துவிடும். 1842இல் ஜான் ஹெர்ஷெல் கண்டுபிடித்த முறை இது. மறு வருஷமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார்.

அந்தத் துணியின் கிட்டே போய் நில்லுங்கள். கீழ் மூலையில் கண்ணிகள் நெருங்கி, முடிச்சுகள் தடித்திருக்கின்றன. கிழிந்த வலையைப் பின்னிச் சேர்த்த இடம் அது. துணியோடு ஒட்டிக் கிடந்த கயிறு கூர்மையாக விழுந்திருக்கிறது, கொஞ்சம் எழும்பி நின்ற கயிறு ஓரம் கலங்கித் தெரிகிறது. வலை எங்கே படிந்தது, எங்கே தூக்கியது என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

இன்னொன்று சோலார்கிராஃப். பீர் டின்னில் ஊசித்துளை போட்டு, உள்ளே ஒளி பட்டால் கருக்கும் பழைய போட்டோ பிரிண்ட் பேப்பரைச் சுருட்டி வைத்து, கடலைப் பார்த்த ஒரு மொட்டை மாடியில் ஜூன் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசி வரை கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சூரியன் ஏறிய தடம் ஒரு கோடு. குளிர் நாடுகளில் எடுத்த இந்த மாதிரிப் படங்களில் கோடுகள் சாய்ந்து வில்லாக வளையும். நம் ஊர் 12 டிகிரி அட்சரேகை, சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக எழும்புகிறது, அதனால் நிற்க வைத்த கம்பிகளாகத் தெரிகின்றன. இடது ஓரம் ஜூன், வலது ஓரம் டிசம்பர். வலப்பக்கம் போகப்போகக் கோடுகள் அறுந்து அறுந்து, ஓர் இடத்தில் இல்லவே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை.

இப்போது என் வருத்தம். இவ்வளவையும் நான் வேலை தெரிந்த ஒரு தம்பியிடம் கேட்டுத்தான் அறிந்தேன். சுவரில் இருந்த குறிப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும். அவற்றிலும் நினைவு, உடல், இழப்பு என்று எதற்கும் பொருந்துகிற வார்த்தைகள்தான். எதால் செய்தது, எத்தனை நாள் ஆனது, எங்கே வைத்தது, ஒன்றும் இல்லை. கேமரா படம் என்றால் எதிரே இருந்தது என்னவென்று பார்த்ததும் புரியும். இந்தப் படங்களில் செய்முறை தெரியாவிட்டால் பாதிப் படம் கண்ணுக்கே வராது. அதை மறைத்துவிட்டுச் சுவரில் மாட்டுவது பார்க்க வருகிறவருக்குச் செய்கிற அநியாயம் என்பேன்.

-----

ஹைப்போ_வாடை | சனி, இரவு 10.02

கடலூர் ஓல்ட் டவுன், அதான் ஓ.டி.யில, டிஜிட்டல் வர்ற வரைக்கும் ஸ்டுடியோ வச்சிருந்தவன் நான். மகன் வண்டியில கூட்டிட்டுப் போனான், பார்த்தேன். வலைத் துணி நல்லாருக்கு, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

ஆனா உள் அறையில ஒரு பக்கம் முழுக்க வெளிச்சம் பட்டு ஃபாக் விழுந்த பேப்பர், டெவலப்பர் வழிஞ்ச கறை, மஞ்சள் படிஞ்ச பிரிண்ட். எங்க காலத்துல, படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ மருந்து அலசும்போது சரியா போகாம ஒரு படம் மஞ்சளாச்சுன்னா கஸ்டமர் கண்ணுல படாம கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி கழுவுவோம். சேஃப் லைட்டுல நின்னு, ட்ரேயை ஆட்டி ஆட்டி, ஒரு முகம் சரியான கருப்புல வர்றதுக்கு எத்தனை பேப்பர் வீணாக்கிக் கத்துக்கிட்ட தொழில் இது. கை தவறி விழுந்ததைக் கலைன்னு சொன்னா, கை தவறாம இருக்கப் பாடுபட்டவனுக்கு என்ன மரியாதை? கோபத்துல கேட்கல, நெசமாவே தெரிஞ்சுக்கணும்.

-----

நீலத்துணி | சனி, இரவு 10.40

ஐயா வணக்கம். பல்கலைக்கூடத்தில் (இங்குள்ள நுண்கலைக் கல்லூரி) படிக்கிறேன். கண்காட்சியில் என் படம் இல்லை, மாட்டும்போது உதவி செய்தேன். அரியாங்குப்பத்தான் அண்ணன் சொல்லும் தம்பி நான்தான்.

நீங்கள் சொல்லும் உள் அறைப் படங்கள் கெமிகிராம். பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கோர்டியே 1956இல் தொடங்கி வைத்தது. பிரிண்ட் பேப்பர் மேல் தேன், வார்னிஷ், நகப்பூச்சு எதையாவது பூசிவிட்டு, வெளிச்சத்திலேயே வைத்து, தாளைக் கருக்க வைக்கும் டெவலப்பரிலும் நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரிலும் மாற்றி மாற்றி முக்குவது. பூச்சு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, கரைந்த இடம் டெவலப்பரில் இருந்தால் கருப்பு, ஃபிக்ஸரில் இருந்தால் வெள்ளை. அப்படித்தான் மரத்தின் உள்வளையம் போல அடுக்கடுக்காகக் கோடு விழுகிறது. எந்தத் தொட்டியில் எத்தனை நொடி என்பதில்தான் கோட்டின் தடிமன் இருக்கிறது. மூன்றாவது படத்தில் கோடுகள் வெளியிலிருந்து உள்ளே போகப்போக ஒரே சீராக மெலிகின்றன. கை தவறினால் அது வராது ஐயா. ஆனால் அதே அறையில் மாட்டியிருப்பதில் ஒன்றிரண்டு வெறும் கறைதான், நீங்கள் சொன்னது சரி.

-----

ஹைப்போ_வாடை | சனி, இரவு 11.15

இப்படி யாராவது பக்கத்துல நின்னு சொல்லியிருந்தா அந்த மூணாவது படத்துகிட்ட இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருப்பேன் தம்பி. சுவத்துல அது இல்லையே.

சோதனைன்னா நாங்களும் செஞ்சோம். டபுள் ஆக்டிங் படம் கேட்டு வருவாங்க, ஒரே ஆள் ரெண்டு தடவை இருக்கணும். லென்ஸ் முன்னாடி பாதியை மறைக்கிற மாதிரி ஒரு தகடு. பின்னாடி கருப்புத் துணி. ஆளை இடப்பக்கம் உட்கார வச்சு ஒரு எக்ஸ்போஷர், ஃபிலிமைத் தள்ளாம தகட்டை மாத்தி, ஆளை வலப்பக்கம் நிக்க வச்சு இன்னொண்ணு. ஸ்டாண்ட் ஒரு நூல் அசைஞ்சாலும் போச்சு. தகடு கொஞ்சம் கூடுதலா மறைச்சா நடுவுல கருப்புக் கோடு, குறைவா மறைச்சா வெளுத்த பட்டை. தனக்குத்தானே காபி கொடுக்கிற மாதிரி, தன்கூடத் தானே சீட்டாடுற மாதிரி எடுத்துக் கொடுத்திருக்கேன்.

நெகடிவ்ல டச்சிங் வேற. பென்சில் முனையை ஊசியா சீவி, முகத்துல பரு இருக்கிற இடத்துல லேசா தட்டித் தட்டி நிரப்புவோம், பிரிண்ட்ல அது மறைஞ்சிடும். செத்தவங்க படத்துக்கு மூடின கண்ணைத் திறந்த மாதிரி வரைஞ்சு தரச் சொல்வாங்க. அந்த வேலையை நான் யார் கையிலயும் கொடுக்க மாட்டேன், நானே செய்வேன். வீட்டுக்காரங்க அந்தக் கண்ணைத்தான் வாழ்நாள் பூரா பார்க்கப் போறாங்க.

-----

சோலைநகர்_மல்லி | ஞாயிறு, காலை 7.30

ஹைப்போ ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. அந்தக் கண்காட்சியில் இருக்க வேண்டிய, இல்லாமல் போன சுவர் அது. இந்தச் சோதனைப் படங்கள் ஏதோ வெளியூரிலிருந்து வந்திறங்கிய புதுமை என்ற எண்ணத்தோடு நம் ஆட்கள் உள்ளே போகிறார்கள், அதே எண்ணத்தோடு திரும்புகிறார்கள். கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கியது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களை அவர்கள் டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இன்னும் பின்னால் போனால் லின்னேயஸ் ட்ரைப். 1850களின் கடைசியில் சென்னை மாகாண அரசுக்காக மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று எடுத்தவர். அவருடைய காகித நெகடிவில் வானம் வெற்றாக வெளுத்துவிடும், நீல வெளிச்சம் அதில் மிகையாகப் பதியும் என்பதால். அதற்காக நெகடிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் வரைந்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியவரும் அவரே. தஞ்சைக் கல்வெட்டுக்கு அரசாங்க ஆவணம், வானத்துக்குக் கையால் வரைந்த மேகம், இரண்டும் ஒரே ஆள் கையில், ஒரே காலத்தில்.

கண்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது யாரும் பேசாத அந்த மூன்று கம் பிரிண்ட்டுகள். மூடிக் கிடக்கும் பஞ்சாலை. வேலம் பிசினோடு நீர்வண்ணத்தையும் டைகுரோமேட்டையும் கலந்து தாளில் பூசி, வெயில் காட்டி, நீரில் மிதக்கவிடுவது. வெளிச்சம் பட்ட பிசின் இறுகும், படாதது கரைந்து போகும். அந்தப் பிசின் நம் ஊர்க் கதையில் வேறொரு இடத்தில் வருகிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி, கினே என்ற பெயரில், கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா போனது. செனகல் ஆற்றங்கரையில் பிரெஞ்சு வியாபாரிகள் அந்தத் துணியைக் கொடுத்து வாங்கிய சரக்கு வேலம் பிசின். புதுச்சேரிப் பஞ்சாலையின் படத்தைப் பிசினில் அச்சிட்ட அந்தக் கலைஞர் இது தெரிந்து செய்தாரா, தற்செயலா என்று எனக்கு ஆவலாக இருக்கிறது. தெரிந்து செய்திருந்தால் ஒரு வரி எழுதியிருக்கலாமே!

-----

நீலத்துணி | ஞாயிறு, காலை 8.05

அக்கா, கேட்டுவிட்டேன். தெரிந்துதான் செய்திருக்கிறார். குறிப்பில் எழுதிக் கொடுத்தும் இருக்கிறார், நீளமாக இருக்கிறது என்று சுருக்கும்போது அந்த வரி போய்விட்டதாம்.

-----

பொதுப்பணி_ஓய்வு | ஞாயிறு, காலை 8.50

சயனோடைப் என்று நீங்கள் சொல்வது எங்கள் அலுவலகத்து ப்ளூ பிரிண்ட்தான். நீலத் தாளில் வெள்ளைக் கோடு. பிற்பாடு அம்மோனியா பிரிண்ட் வந்தது, அது வெள்ளைத் தாளில் நீலக் கோடு, அறை முழுக்க நெடி. பாலம், மதகு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தத் தாளிலிருந்து எழும்பியவை. பேத்தியோடு போய் வலைத் துணியைப் பார்த்தபோது அவளுக்கு இதைச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் தாங்களாகவே வந்து கேட்டுக்கொண்டார்கள்.

-----

செய்திக்கண் | ஞாயிறு, முற்பகல் 11.20

நான் பத்திரிகைப் படம் எடுப்பவன். எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசி அறையில் கடலூர்ப் படங்கள் இருக்கின்றனவே, தொழிற்பேட்டைப் பக்கத்து ஓடைக்கரையில் நெகடிவைப் புதைத்து வைத்து எடுத்தவை. ஆரஞ்சும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக அழகாகத்தான் இருக்கின்றன. அதுதான் என் பிரச்சினை. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் பெண்களை நான் படம் எடுத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல் அடித்த மறுநாள் வேரோடு சாய்ந்த முந்திரித் தோப்பில் நின்று எடுத்தேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது இடுப்பளவு தண்ணீரில் எடுத்தேன். அந்தப் படங்களைப் பார்த்து அதிகாரிகள் வந்தார்கள், நிவாரணம் வந்தது. என் தொழிலில் படம் என்றால் சாட்சி. சாட்சியை மண்ணில் புதைத்து அழுகவிட்டு, அழுகியதை அழகு என்று மாட்டினால் அங்கே வாழ்கிறவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கிறது?

-----

அரியாங்குப்பத்தான் | ஞாயிறு, பிற்பகல் 1.00

உங்கள் வேலையை இது குறைக்கிறது என்று நான் நினைக்கவில்லை. லாரிக்குக் காத்து நிற்கும் பெண்ணின் படம் சொல்வதை அழுகிய நெகடிவ் சொல்லாது. ஆனால் உங்கள் படம் அங்கே நடந்ததைத் தூர நின்று பார்க்கிறது, இந்த நெகடிவ் அந்த மண்ணுக்குள்ளேயே கிடந்து வந்திருக்கிறது. அந்தப் பிலிமின் மேல் அந்த மண் நேரடியாக வேலை செய்திருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப்படுகிறது. எத்தனை நாள் புதைந்திருந்தது, எந்த ஆழத்தில், அதற்கு முன் அந்த நெகடிவில் யார் இருந்தார்கள் என்பது தெரிந்தால்தான் அதுவும் நிற்கும்.

-----

கெடிலக்கரை | ஞாயிறு, பிற்பகல் 3.25

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், வீடு கடலூர் நியூ டவுன். இந்தப் பேச்சில் ஒரு அடிப்படைக் கேள்வி விடுபட்டிருக்கிறது.

பிலிமின் மேல் பூச்சு ஜெலட்டின். எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. ஈரமான எந்த மண்ணில் புதைத்தாலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்னும். கலர் பிலிம் என்றால் சாய அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்து ஆரஞ்சும் ஊதாவும் வரத்தான் செய்யும். என் வீட்டு முருங்கை மரத்தடியில் புதைத்தாலும் இதே நிறங்கள் வர வாய்ப்பு நிறைய உண்டு. அப்படியிருக்க, ஓடைக்கரை மண்ணின் நச்சுதான் இதைச் செய்தது என்று பார்க்கிறவர் முடிவு கட்டும்படி மாட்டியிருப்பது தப்பு. மாசு அங்கே உண்மை, அதில் இரண்டு கருத்து இல்லை. உண்மையான ஒரு விஷயத்துக்குப் பலவீனமான சான்றைக் கொடுத்தால் நாளைக்கு எதிராளி அந்தச் சான்றை உடைத்துவிட்டு விஷயத்தையே உடைத்ததாகச் சொல்வார். ஒப்பிட நல்ல மண்ணில் இன்னொரு சுருளைப் புதைத்திருக்க வேண்டும்.

-----

நீலத்துணி | ஞாயிறு, மாலை 5.10

சார், புதைத்திருக்கிறார்கள். இதைக் கேட்கத்தான் போன் போட்டேன். பண்ருட்டிப் பக்கம் அவர்கள் உறவினரின் முந்திரித் தோப்பில் அதே பிலிம், அதே மழைக்காலம், அதே ஆழம். அதிலும் நிறம் மாறியிருக்கிறதாம், ஆனால் முகங்கள் இன்னும் தெரிகின்றனவாம். ஓடைக்கரைச் சுருளில் ஜெலட்டின் பல இடத்தில் உரிந்தே போய்விட்டது. இடம் போதவில்லை என்று தோப்புச் சுருளை மாட்டவில்லை.

-----

கெடிலக்கரை | ஞாயிறு, மாலை 5.32

இரண்டு சுருளை வைத்து நிரூபணம் என்று சொல்ல முடியாது தம்பி. ஓடைக்கரையில் ஈரம் அதிகம், அதுவும் ஒரு காரணம். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் பார்க்கிறவர் நேர்மையாக ஒன்றைப் பார்க்கிறார். எனக்கு அது போதும். கெமிகிராமில் அந்த வெறும் கறைகள் இரண்டைக் கழற்றினால் இடம் கிடைக்காதா?

இன்னொன்று. குழந்தைகளுக்குப் பயிற்சி நடத்தப் போவதாகச் சுவரில் பார்த்தேன். சயனோடைப் நடத்துங்கள். கையுறை போட்டு, ஃபெரிசயனைடில் அமிலம் எதுவும் ஊற்றாமல், சூடாக்காமல் செய்தால் போதும். கம் பிரிண்ட் வேண்டவே வேண்டாம். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தோலிலும் படக்கூடாது, தூள் மூச்சிலும் போகக்கூடாது, கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடவும் கூடாது. குழந்தைகளுக்கு மஞ்சளை வைத்து ஆந்தோடைப் சொல்லிக்கொடுங்கள். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலந்து வடிகட்டித் தாளில் பூசி, இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால் வெயில் பட்ட இடம் வெளுக்கும். ஸ்பிரிட்டைக் கலக்கும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

-----

செய்திக்கண் | ஞாயிறு, இரவு 8.15

தோப்புச் சுருளையும் சேர்த்து மாட்டினால் மறுபடி வந்து பார்க்கிறேன். சாட்சி என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நெகடிவில் இருந்த முகங்கள் யாருடையவை என்று எழுதியாக வேண்டும். அவர்களிடம் கேட்டுத்தான் புதைத்தார்களா என்பதையும்.

-----

வைத்திக்குப்பம்_மீனா | திங்கள், காலை 6.45

வேலைக்குக் கிளம்பும் அவசரம், சுருக்கமாக. எங்கள் அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். வலைத் துணியைப் பார்த்ததும் நண்டு வலை என்றார். பின்னிய இடத்தைப் பார்த்து, அவசரத்தில் போட்ட முடிச்சு, கரையில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டது இல்லை என்றார். வாசலில் தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தவர், அந்தத் துணி முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தார். யாருடைய வலை என்று எழுதவில்லையே, வலைக்காரர் பேரையாவது போட்டிருக்கக் கூடாதா என்பது அவர் கேள்வி.

நான் வீட்டில் சயனோடைப் போட்டுப் பார்த்தேன். நன்றாக வந்த நீலம் அலசும்போதே வெளுத்துப் போகிறது. ஏன்?

-----

நீலத்துணி | திங்கள், காலை 7.20

அக்கா, போர் தண்ணீரில் அலசினீர்களா? நம் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் காரம். காரம் அந்த நீலத்தைத் தின்றுவிடும். பூச்சுக் கரைசலில் இல்லை, அலசும் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள், நிற்கும். பூசிய தாள் நன்றாகக் காய்ந்த பிறகு வெயிலில் வையுங்கள், நீலம் போய்ச் சாம்பல் பச்சையாக மாறும் வரை எடுக்காதீர்கள். சோப்பு போட்டுத் துவைக்கவே கூடாது. வெளிச்சத்தில் மங்கினாலும் பயப்பட வேண்டாம், சில நாள் இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பிவிடும்.

-----

அரியாங்குப்பத்தான் | திங்கள், இரவு 9.00

காலரியில் பேசினேன். தமிழ்க் குறிப்புகளை நாமே எழுதிக் கொடுத்தால் அச்சடித்து மாட்டுவதாகச் சொன்னார்கள். கலைஞர்களின் சம்மதத்தை நீலத்துணித் தம்பி வாங்குகிறார். கம் பிரிண்ட்டுக்கு மல்லி, கெமிகிராமுக்கு ஹைப்போ ஐயா, தம்பியின் துணையோடு. புதைத்த நெகடிவுக்கு நான் எழுதியது கீழே. கெடிலக்கரை சார் திருத்தட்டும்.

“கலர் நெகடிவ் சுருள்கள் இரண்டு, ஒரே மழைக்காலத்தில், ஒரே ஆழத்தில் புதைக்கப்பட்டவை. ஒன்று கடலூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓடைக்கரையில், மற்றது பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில். இரண்டிலும் பதிந்திருந்தது கலைஞரின் சொந்தக் குடும்பம். மண்ணின் ஈரமும் நுண்ணுயிர்களும் பிலிமைக் கரைத்தன. ஓடைக்கரைச் சுருளில் முகங்கள் எஞ்சவில்லை.”

-----

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.40

மூன்றாவது வரிக்குப் பிறகு ‘எந்த மண்ணிலும் பிலிம் அரிபடும்’ என்று ஒரு வரி சேருங்கள். ‘கரைத்தன’ என்ற இடத்தில் ‘அரித்தன’ போடுங்கள். மீதி சரி. குடும்பத்தாரின் சம்மதம் பற்றிச் செய்திக்கண் கேட்டதற்கும் பதில் வேண்டும்.

-----

நீலத்துணி | திங்கள், இரவு 9.55

அம்மா, அப்பா, தங்கை. புதைக்கும்போது கூட இருந்தவர்கள். அதையும் சேர்த்துவிடுகிறேன். வலைக்காரரின் பெயரைப் போட அவரிடம் நாளைக் காலை போய்க் கேட்கிறேன்.